அப்பாவின் இடது கையும் மெய்நிகர் சிகிச்சையும்

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அப்பாவுக்கு 64 வயது. பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. கைத்தடியோடு நடக்கிறார். இடது கை மார்பு உயரம் வரை எழும்புகிறது. விரல்கள் மூடுகின்றன, திறக்க மறுக்கின்றன. இயன்முறைப் பயிற்சி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஒரு சிகிச்சை மையத்தில், கண்ணில் ஹெட்செட் மாட்டி விர்ச்சுவல் ரியாலிட்டி (சுருக்கமாக விஆர், தமிழில் மெய்நிகர்) முறையில் பயிற்சி கொடுத்தால் மூன்று மாதத்தில் கை பழையபடி ஆகிவிடும், இனி பழைய பயிற்சிகள் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். சேர்க்கலாமா, தலைசுற்றுமா, கண் கெடுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் உண்டு. ஆனால் நீங்கள் வாய்விட்டுக் கேட்காத நான்காவது கேள்விதான் முக்கியமானது: பழையதை விட்டுவிட்டு இதற்கு மாறலாமா? மாற வேண்டாம். பழையதோடு சேர்த்துச் செய்வது என்றால் யோசிக்கலாம். ஏன் இப்படிப் பிரித்துச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளமான பதில்.

நான் நரம்பியல் மறுவாழ்வுப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகளாக இயன்முறை சிகிச்சையாளராக இருக்கிறேன். அதில் கடைசி ஒன்பது ஆண்டுகளாக இந்த மெய்நிகர் கருவிகளும் என் அறையில் இருக்கின்றன. அவை வந்த புதிதில் நான் பெரிய ஆர்வலன். இப்போதும் விரோதி இல்லை. எந்த நோயாளிக்கு மாட்டுவது, யாருக்கு மாட்டாமல் இருப்பது என்பதைச் சில தவறுகள் செய்துதான் கற்றுக்கொண்டேன். அவற்றில் ஒன்றைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 'மெய்நிகர் சிகிச்சை' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று, எதிரே ஒரு திரை, உடல் அசைவைப் பிடிக்கும் கேமரா அல்லது கையில் ஒரு கருவி. நிண்டெண்டோவின் வீ (Wii) என்ற விளையாட்டுக் கருவி 2006இலும், மைக்ரோசாஃப்டின் கைனெக்ட் என்ற அசைவு பிடிக்கும் கேமரா 2010இலும் வந்தபோது மருத்துவமனைகளுக்குள் நுழைந்தது இந்த வகைதான். இன்னொன்று, கண்களை முழுவதுமாக மறைத்துக்கொண்டு, தலையைத் திருப்பினால் உலகமும் திரும்புகிற ஹெட்செட். இந்தக் கருத்து பழையது. ஐவன் சதர்லண்ட் தலையில் மாட்டும் காட்சிக் கருவியை 1968இலேயே செய்துகாட்டிவிட்டார். ஆனால் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய ஹெட்செட் வந்தது 2016 வாக்கில்தான். ஆகவே பக்கவாதத்துக்கு விஆர் உதவும் என்று சொல்லும் ஆய்வுகளில் பெரும்பகுதி திரை வகையை வைத்துச் செய்யப்பட்டது. மையத்தில் 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்று சொன்னால், திரையிலா, ஹெட்செட்டிலா என்று கேளுங்கள். கேட்ட மாத்திரத்திலேயே எதிரே இருப்பவருக்கு எவ்வளவு தெரியும் என்பது புரிந்துவிடும். (கைனெக்ட் உற்பத்தியை 2017இல் நிறுத்திவிட்டார்கள். அதை நம்பிப் பயிற்சித் திட்டங்கள் எழுதி வைத்திருந்த எங்களைப் போன்றவர்கள் அன்று விழித்த விழியை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.)

சரி, இது ஏன் வேலை செய்ய வேண்டும்? மூளை 'தானே புதிய பாதை போட்டுக்கொள்ளும்' என்று மையத்தில் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அதில் 'தானே' என்ற சொல் தவறு. ஒரே செயலை, சற்றுக் கடினமான அளவில், கவனத்தோடு, பலமுறை திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் அந்த மாற்றம் நிகழ்கிறது. பலமுறை என்றால் எத்தனை முறை? விலங்குகளை வைத்துச் செய்த சோதனைகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை. மனிதர்களுக்கான சிகிச்சை அறைகளில் என்ன நடக்கிறது என்று கேத்தரின் லேங் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். 2009இல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, ஓர் அமர்வில் பயனுள்ள கை அசைவுகள் சராசரியாக 32. படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. நான் அப்படி இல்லை என்று நினைத்தேன். மறுநாள் பையில் ஒரு எண்ணும் கருவியை வைத்துக்கொண்டு என்னையே எண்ணினேன். 41. ஒரு மணி நேரத்தில் மீதியெல்லாம் எங்கே போனது? நோயாளியை நாற்காலிக்கு மாற்றுவதில், கையை இளக்கிவிடுவதில், ஓய்வில், பேச்சில், முக்கியமாக அலுப்பில். பத்தாவது முறை அதே கூம்பை எடுத்து அதே இடத்தில் வைக்கும்போது மனிதன் எதற்காக வைக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறான்.

விஆர் தருகிற உண்மையான லாபம் இங்கேதான். என்னிடம் வந்த ஒரு பாட்டி, மேசைமேல் துண்டைத் தள்ளும் பயிற்சியில் பதினைந்தைத் தாண்ட மாட்டார். திரையில் வண்ணத்துப்பூச்சி வந்து உட்காரும், கை அதைத் தொட்டால் பறக்கும் என்ற ஒரு சின்ன விளையாட்டில் இருபது நிமிடத்தில் 180 முறை கையை நீட்டினார். முடிந்ததும், "இவ்வளவுதானா?" என்று கேட்டார். இன்னொரு லாபம், அளவை மாற்றிக்கொள்ள முடிவது. கை நிஜத்தில் பத்து சென்டிமீட்டர் நகர்ந்தால் திரையில் முப்பது நகர்வதாகக் காட்டலாம். முன்னேற முன்னேற அந்தச் சலுகையைக் குறைக்கலாம். பாதி செத்த கையோடு இருப்பவருக்கு, தன் முயற்சிக்கு ஏதோ ஒன்று அசைகிறது என்று கண்ணால் பார்ப்பது சாதாரண விஷயம் இல்லை.

இனி ஆதாரம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் பக்கவாதமும் விஆரும் பற்றிய 72 பரிசோதனைகள், 2,470 நோயாளிகள். முடிவு என்ன தெரியுமா? அதே அளவு நேரம் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டால், கையின் செயல்பாட்டில் விஆர் மேலானது என்று காட்ட முடியவில்லை. ஆனால் வழக்கமான சிகிச்சைக்கு மேலே கூடுதலாக விஆர் கொடுத்தபோது கை மேம்பட்டது. கூடுதலாகக் கொடுத்தால் மொத்தப் பயிற்சி நேரமும் கூடுகிறது அல்லவா. அந்த நேரம்தான் மருந்து என்று நான் வாசிக்கிறேன். இதே தொகுப்பை 2025இல் புதுப்பித்தார்கள். இப்போது 190 பரிசோதனைகள், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். இந்த முறை கைக்குச் சற்றுக் கூடுதல் பலன் தெரிகிறது. 'சற்று' என்ற சொல்லை அழுத்திப் படியுங்கள். மதிப்பெண் அட்டவணையில் சில புள்ளிகள் ஏறுவதும், சட்டைப் பொத்தானைப் போட முடிவதும் வேறு வேறு.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2016இல் லான்செட் நியூராலஜி இதழில் வந்தது. 141 பக்கவாத நோயாளிகள். எல்லாருக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு. அதற்கு மேல் ஒரு பாதியினர் வீ விளையாடினார்கள். மறுபாதியினர் சீட்டு, பிங்கோ, கட்டைகளை அடுக்கி உருவும் ஜெங்கா போன்ற விளையாட்டுகளை ஆடினார்கள். இரண்டு வாரத்தில் ஒரு மணி நேரம் வீதம் பத்து அமர்வுகள். கடைசியில் இரண்டு குழுவும் மேம்பட்டன, இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. அதாவது சீட்டுக்கட்டு, திரைக்குத் தோற்கவில்லை. எங்கள் பிரிவில் இதைப் படித்துவிட்டு அலமாரியிலிருந்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்து வெளியே வைத்தேன். இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது.

அடுத்தது விளம்பரத்தில் யாரும் சொல்லாத பகுதி. ஓய்வுபெற்ற தையல்காரர் ஒருவர், வலது கை பலவீனம். திரையில் பழங்களைப் பிடித்துக் கூடையில் போடும் விளையாட்டு. முதல் வாரம் மதிப்பெண் 40, மூன்றாவது வாரம் 310. அவருடைய மகள் எல்லாருக்கும் இனிப்பு கொடுக்காத குறை. நான் அன்று தற்செயலாகப் பக்கவாட்டில் நின்றிருந்தேன். முழங்கை ஒரு அங்குலம்கூடக் கூடுதலாக நீளவில்லை. இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து, தோளைக் காதுவரை தூக்கி, உடம்பையே எறிந்து பழத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். கேமராவுக்கு உள்ளங்கை எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். அது எந்த வழியில் அங்கே வந்தது என்ற கவலை இல்லை. ஹெட்செட்டில் இது இன்னும் மோசம். அவருக்கே தன் உடம்பு தெரியாது. மூன்று வாரமாக நாங்கள் அவருக்குக் கற்றுக்கொடுத்தது கையை நீட்டுவதை அல்ல, கையை நீட்டாமல் சமாளிப்பதை. பிறகு மார்பைச் சுற்றி ஓர் அகலப் பட்டையால் நாற்காலியின் முதுகோடு தளர்வாகக் கட்டினோம். மதிப்பெண் 35க்கு விழுந்தது. அவருக்கு என்மேல் ஒரு வாரம் கோபம். ஆனால் முழங்கை நீள ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

உங்கள் அப்பாவின் விஷயத்தில் எனக்குள்ள பெரிய தயக்கம் விரல்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் தோளும் முழங்கையும் ஓரளவு வேலை செய்கின்றன; சிக்கல் விரல்களைத் திறப்பதில் இருக்கிறது. இந்தக் கருவிகள் நன்றாகப் பழக்குவது தோளையும் முழங்கையையும்தான். விளையாட்டை இயக்கக் கையில் பிடிக்கும் கன்ட்ரோலரைப் பிடிக்க முடியாதவர்களுக்கு அதைப் பட்டையால் கையோடு கட்டிவிடுவார்கள். அப்போது விரல்கள் மூடியே இருக்கும். கேமரா மூலம் விரல்களைப் படிக்கும் ஹெட்செட்டுகள், நன்றாக விரிந்த கையைப் படிக்கிற அளவுக்கு இறுகிய முட்டியைப் படிப்பதில்லை. அதோடு, மெய்நிகர் உலகத்தில் குவளைக்கு எடை இல்லை, விளிம்பு இல்லை, குளிர்ச்சி இல்லை. நிஜக் குவளையை நோக்கிக் கை போகும்போது, தொடுவதற்கு முன்பே விரல்கள் அதன் அகலத்துக்கு ஏற்ப விரிகின்றன. தொட்டதும் தோல் தகவல் அனுப்புகிறது. காற்றைப் பிடிக்கும்போது இந்த உரையாடல் நடப்பதே இல்லை. தூரமும் சற்றுப் பொய் சொல்லும். ஹெட்செட்டுக்குள் பொருள்கள் இருப்பதைவிடப் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றுவது நன்கு தெரிந்த விஷயம். ஆகவே விஆரில் அரை மணி நேரம் கழித்தால், ஹெட்செட்டைக் கழற்றிய சூட்டோடு கால் மணி நேரமாவது நிஜப் பொருள்களை எடுத்து வைக்க வேண்டும். இது நடக்காத மையத்தில் சேர்ப்பதைவிட வீட்டிலேயே இருக்கலாம். விரல்கள் இறுகி இருப்பதற்கு மருந்து, ஊசி, விரல்தாங்கி என்று வேறு வழிகளும் உண்டு. நரம்பியல் மருத்துவரிடம் அதைத் தனியாகக் கேளுங்கள். இறுக்கம் குறையாமல் எந்தத் திரையும் விரலைத் திறக்காது.

கண்ணை ஏமாற்றிக் கையைப் பழக்கும் யோசனை ஒன்றும் புதிதல்ல. துண்டிக்கப்பட்ட கையில் வலி இருப்பதாக உணர்பவர்களுக்கு, நல்ல கையின் பிம்பத்தைக் காட்டும் கண்ணாடிப் பெட்டியை நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் பயன்படுத்தினார். அதிலிருந்து பக்கவாதத்துக்கான கண்ணாடி சிகிச்சை வளர்ந்தது. அதற்கு ஓரளவு நல்ல ஆதாரமும் உண்டு. சில விஆர் நிறுவனங்கள் இதையே ஹெட்செட்டுக்குள் செய்து புதுமை என்கின்றன. நல்லதுதான். ஆனால் மேசைமேல் செங்குத்தாக நிறுத்திய ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி அதே வேலையைச் செய்யும், அதற்குச் சார்ஜ் போட வேண்டியதில்லை.

'விஆர் நிரூபிக்கப்பட்ட சிகிச்சை' என்ற வாக்கியம் முழுப் பொய்யும் இல்லை. அது நிரூபிக்கப்பட்ட இடங்கள் வேறு. அமெரிக்காவின் சியாட்டிலில் ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பாட்டர்சன் என்ற ஆய்வாளர்கள் 1996 முதல் தீக்காய நோயாளிகளுக்குக் கட்டு மாற்றும்போது ஹெட்செட் மாட்டிப் பார்த்தார்கள். பனிமலைப் பள்ளத்தாக்கில் மிதந்துகொண்டே பனிமனிதர்கள்மேல் பனிப்பந்து எறிவது விளையாட்டு. வலி கணிசமாகக் குறைந்தது. உயரத்தைக் கண்டு அஞ்சுபவர்களுக்கு விஆர் மூலம் சிகிச்சை 1995இலேயே தொடங்கிவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் உளவியலாளர் டேனியல் ஃப்ரீமனின் குழு 2018இல் 100 பேரை வைத்துச் செய்த பரிசோதனையில், சிகிச்சை பெற்றவர்களின் உயரப் பயம் சராசரியாக 68 சதவீதம் குறைந்தது; அதில் வழிநடத்தியது மனித சிகிச்சையாளர்கூட இல்லை, கணினி உருவம். நாள்பட்ட முதுகுவலிக்கு வீட்டிலேயே எட்டு வாரம் பயன்படுத்தும் ஒரு விஆர் திட்டத்துக்கு அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021 நவம்பரில் அனுமதி கொடுத்தது. அதற்கு அடிப்படையான பரிசோதனையில் 179 பேர். வலி 30 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாகச் சொன்னவர்கள் விஆர் குழுவில் 66 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 41.

இந்தப் பட்டியலை உற்றுப் பாருங்கள். வலி, பயம். இரண்டிலும் கவனம்தான் களம். கவனத்தை வேறு பக்கம் திருப்பினால் வலி குறைகிறது. பயப்படும் இடத்தில் பாதுகாப்பாக நிற்க வைத்தால் பயம் அடங்குகிறது. கவனத்தைப் பிடித்து வைப்பதில் ஹெட்செட்டுக்கு இணை கிடையாது, அதனால் அங்கே ஜெயிக்கிறது. செயலிழந்த தசைக்குக் கவனம் வாசல்படி மட்டும்தான். உள்ளே போய் நூற்றுக்கணக்கான முறை அசைத்தாக வேண்டும். பனிப்பந்தின் வெற்றியைக் காட்டிக் கைக்குச் சிகிச்சை விற்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். மனநலப் பக்கத்தில் நான் சிகிச்சை கொடுப்பவன் அல்ல என்பதால் இதற்குமேல் அங்கே நீட்ட மாட்டேன்.

அப்பாவின் நடையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அங்கேதான் கூடுதல் நம்பிக்கை. லான்செட் இதழில் 2016இல் வந்த ஒரு பரிசோதனை, ஐந்து நாடுகளில், அடிக்கடி கீழே விழும் முதியவர்கள் 302 பேரை வைத்துச் செய்தது. எல்லாரும் ஆறு வாரம், வாரம் மூன்று முறை டிரெட்மில்லில் நடந்தார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் எதிரே திரையில் அவர்களுடைய பாதங்களே தெரியும். வழியில் தடைகள் வரும், குறுகலாகும், கவனம் சிதறும். பயிற்சிக்குப் பிறகான ஆறு மாதத்தில் திரையோடு நடந்தவர்கள் விழுந்த எண்ணிக்கை ஆளுக்குச் சராசரி 11.9இலிருந்து 6ஆகக் குறைந்தது. வெறும் டிரெட்மில் குழுவில் 10.7இலிருந்து 8.3 வரைதான் இறங்கியது. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் பார்க்கின்சன் நோய், லேசான மறதி, காரணம் தெரியாத விழுதல் என்ற வகையினர். பக்கவாதத்துக்கு இதை அப்படியே தூக்கி வைக்கக் கூடாது. ஆனாலும் தடையைப் பார்த்து முன்கூட்டியே கால் தூக்கும் பழக்கம், கைத்தடியோடு நடக்கும் ஒருவருக்குத் தேவைப்படுகிற பழக்கம்தான். கவனித்தீர்களா, அங்கேயும் ஹெட்செட் இல்லை. திரைதான்.

தலைசுற்றலுக்கு வருகிறேன். வரலாம். கண் 'நகர்கிறாய்' என்கிறது, உள்காது 'உட்கார்ந்திருக்கிறாய்' என்கிறது. இந்தச் சண்டையில் குமட்டல், வியர்வை, தலைபாரம். ஓடும் பஸ்ஸில் புத்தகம் படிப்பவருக்கு வருவதன் தலைகீழ் வடிவம் இது. காட்சி அசையாமல் நின்று, நோயாளி மட்டும் கையை நீட்டுகிற விளையாட்டுகளில் இது மிகக் குறைவு. பறப்பது, கார் ஓட்டுவது போன்றவற்றில் அதிகம். முதல் நாள் ஐந்து நிமிடத்துக்குமேல் போகக் கூடாது, உட்கார்ந்தே செய்ய வேண்டும், கழற்றிய பிறகு பத்து நிமிடம் எழுந்து நடக்கக் கூடாது. ஹெட்செட் ஏறத்தாழ அரைக் கிலோ எடை. கழுத்து எலும்புத் தேய்மானம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு வலிப்பு வந்திருந்தால் மருத்துவரைக் கேட்காமல் மாட்டவே கூடாது. தோள் மூட்டு இறங்கியிருந்தாலோ, கையைத் தூக்கும்போது வலித்தாலோ, வேகமாகக் கையை வீசும் விளையாட்டுகள் அந்த வலியை மாதக்கணக்கில் நீட்டிவிடும்.

நான் சொல்வதாகச் சொன்ன தவறு இங்கே வருகிறது. பக்கவாதத்தில் சிலருக்குக் கை கால் மட்டும் போவதில்லை. உலகத்தின் ஒரு பாதியே கவனத்திலிருந்து நழுவிவிடும். இடப்பக்கம் இருக்கும் உணவைச் சாப்பிடாமல் விட்டுவிடுவார்கள், இடது கன்னத்தை மழிக்க மறப்பார்கள். அப்படி லேசான புறக்கணிப்பு இருந்த ஒருவருக்கு, அதை நான் சரியாகச் சோதிக்காமல் ஹெட்செட்டை மாட்டினேன். இடப்பக்கம் வந்த ஒரு பறவையைப் பிடிக்கச் சொல்லி விளையாட்டு கூப்பிட, அவர் கைப்பிடி இல்லாத நாற்காலியில் இடப்பக்கமாகச் சரிந்துகொண்டே போனார். சரிகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. உதவியாளர் பிடித்துக்கொண்டதால் தரையில் விழவில்லை. அன்று முதல் கைப்பிடி இல்லாத நாற்காலி அந்த அறைக்குள் வருவதில்லை. உங்கள் அப்பாவுக்குப் பாதிப்பு இடப்பக்கம் என்பதால் இதைக் கட்டாயம் சோதிக்கச் சொல்லுங்கள். மூளையின் வலப்பாதி பாதிக்கப்பட்டவர்களிடம்தான் இது அதிகம். ஒரு தாளில் சிதறிக் கிடக்கும் கோடுகளையெல்லாம் குறுக்கே வெட்டச் சொல்லும் ஐந்து நிமிடச் சோதனை போதும்.

கண் கெடுமா என்றால், பெரியவர்களுக்கு இதனால் நிரந்தரப் பாதிப்பு வருவதாகக் காட்டும் ஆதாரம் இல்லை. களைப்பு வரும். ஹெட்செட்டில் கண்கள் ஒரே தூரத்தில் குவிந்துகொண்டு, அருகிலும் தொலைவிலும் இருப்பதுபோல் தோன்றுகிறவற்றுக்கு ஏற்ப உள்ளும் வெளியும் திரும்ப வேண்டியிருக்கிறது. பழக்கமில்லாத இந்த வேலையில் எரிச்சலும் தலைவலியும் வருவதுண்டு. கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடியோடு மாட்ட முடிகிறதா என்று பாருங்கள். பக்கவாதத்தால் பார்வைப் புலத்தில் பாதி போயிருக்கிறதா என்று கண் மருத்துவர் ஒருமுறை பார்த்துவிடுவது இதைவிட முக்கியம்.

மூன்று மாதத்தில் பழையபடி ஆகிவிடும் என்ற உறுதிமொழியை எந்தச் சிகிச்சையாளரும் கொடுக்க முடியாது, எந்தக் கருவியை வைத்துக்கொண்டும். வேகமான மீட்சி முதல் மூன்று மாதங்களில் நடக்கிறது. ஏழாவது மாதத்தில் கதவு மூடிவிடுவதில்லை, ஆனால் முன்னேற்றம் மெதுவாக, பயிற்சிக்கு ஏற்றபடி, கேட்டு வாங்கிக்கொண்டு வரும். விரல்களை ஒரு சென்டிமீட்டராவது அவரே திறக்க முடிகிறதா என்பதைப் பொறுத்து எதிர்பார்ப்பு பெரிதும் மாறும். கையைப் பார்க்காமல் அதற்குமேல் நான் சொன்னால் அது ஜோசியம்.

மையத்துக்குப் போனால் கருவியைப் பற்றிக் கேட்காதீர்கள், மனிதர்களைப் பற்றிக் கேளுங்கள். விளையாடும்போது பக்கத்தில் யார் நிற்பார்கள், அவர் திரையைப் பார்ப்பாரா, அப்பாவின் தோளைப் பார்ப்பாரா? ஓர் அமர்வில் எத்தனை அசைவுகள் என்று எண்ணுகிறார்களா? முதுகு சாய்வதை எப்படித் தடுக்கிறார்கள்? கழற்றிய பிறகு நிஜப் பொருள்களோடு எவ்வளவு நேரம்? முன்னேற்றத்தை விளையாட்டு மதிப்பெண்ணில் காட்டுவார்களா, தனியாகக் கையை அளந்து காட்டுவார்களா? இவற்றுக்கு நேரான பதில் வந்தால், இப்போதுள்ள பயிற்சியோடு சேர்த்து, வாரத்தில் மூன்று நாள் என்று தொடங்கலாம். வழக்கமான சிகிச்சையாளரிடம் மறைக்காதீர்கள். இருவரும் பேசிக்கொள்வதே நல்லது. கடையில் விற்கும் விளையாட்டுக் கருவியை வாங்கி வீட்டிலேயே செய்துவிடலாமே என்று தோன்றும். அவை நலமாக இருப்பவர்களின் வேகத்துக்குச் செய்தவை. ஒரு கை வராத மனிதரிடம் நாற்பது முறை 'தோற்றுவிட்டீர்கள்' என்று சொல்லும். ஏற்கனவே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒருவருக்கு அது தேவையில்லை.

சேர்ப்பதற்கு முதல் நாள் ஒன்று செய்துவிடுங்கள். அப்பாவை மேசைக்கு முன்னால் கைப்பிடி உள்ள நாற்காலியில், முதுகு நன்றாகச் சாய்ந்திருக்க உட்கார வையுங்கள். மேசைமேல் ஒரு மடித்த துண்டு, அதன்மேல் இடது உள்ளங்கை. முதுகு நாற்காலியை விட்டு எழாமல் துண்டை எவ்வளவு தூரம் தள்ள முடிகிறது என்று டேப்பால் அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். பிறகு ஒரு பிளாஸ்டிக் குவளையைப் பிடித்து விடச் சொல்லி, விரல்கள் எவ்வளவு திறக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் கழித்து, அதே நாற்காலி, அதே மேசை, அதே நேரம். இரண்டு அளவும் நகரவில்லை என்றால், விளையாட்டில் அவர் எத்தனையாவது கட்டத்துக்குப் போயிருந்தாலும் நிறுத்திவிட்டு அந்த நேரத்தை வேறு பயிற்சிக்குக் கொடுங்கள். இரண்டு முறையும் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். பக்கவாட்டிலிருந்து எடுங்கள், முன்னாலிருந்து எடுத்தால் உடம்பு சாய்வது தெரியாது.